மூழ்கிய படகில் மீன்கள்

என் கணவரின் விசைப்படகு மூழ்கிய இடம் பிள்ளைச்சாவடிக் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான். புயலுக்கு முன்னால் கரை சேர்ந்துவிடலாம் என்று திரும்பியபோது அலையில் கவிழ்ந்தது. கூட இருந்தவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவருடைய தம்பி, நகரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு டைவிங் சொல்லித்தருகிறவர். அந்தப் படகைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினார். நான் நகரத்துக்குள்ளே, சாரம் பகுதியில் வளர்ந்தவள். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. விடாமல் கேட்டதால் நீச்சல் குளத்தில் வைத்துப் பழக்கினார். மாசி மாதத்தில், தண்ணீர் தெளிந்திருந்த ஒரு காலையில் அழைத்துப்போனார்.

கயிற்றைப் பிடித்தபடி அவரோடு இறங்கினேன். ஆழம் அதிகமில்லை, வெயில் அடிவரைக்கும் வந்தது. படகு ஒருக்களித்துக் கிடந்தது. எங்கள் மகள் பெயரை எழுதியிருந்த முகப்பில் சிப்பிகள் அப்பியிருந்தன. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. ஐஸ் பெட்டிக்குள் பொடிமீன்கள் கூட்டமாகத் திரும்பித் திரும்பி நீந்தின. புகைக்குழாயிலிருந்து ஒரு விலாங்கு தலையை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடியது. எல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்தவை போல இருந்தன.

படகை ஓட்டுகிற அறைக்குள் கையை விட்டுத் துழாவினேன். அவருடைய மோதிரம், ஜெபமாலை, ஓர் எலும்பாவது. சேறு கிளம்பிக் கண்ணை மறைத்தது. ஒரு நண்டு விரல்மேல் ஏறி ஓடியது. வேறொன்றும் இல்லை.

மேலே வந்து, நாங்கள் போன ஃபைபர் படகில் உட்கார்ந்ததும், அங்கே மீன்கள்தான் இருக்கின்றன என்றேன். கொழுந்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும் அண்ணி. அண்ணன் போனதுல இருந்து எத்தினியோ வாட்டி எறங்கிட்டேன். மண்ண அள்ளி சலிச்சே பாத்துட்டேன்."

"ஏன் தம்பி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது ஊர்க்காரர்கள் அங்கேதான் தூண்டில் போடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, மீன் சேர்ந்திருக்கிறதே. அந்தப் பக்கம் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை வைக்கலாம் என்று வீட்டில் பலமுறை சொல்லியும் அதுவரை நான் விடவில்லை. கடலில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரம் சரி என்றேன். வைத்தார்கள். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் அவரவர் ஆட்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நானும் ஒன்றை ஏற்றி, அடியில் யாருமில்லாத அந்த மண்ணின்மேல் வைத்தேன்.