மைனஸ் எண்பது ஜூடு

பைக்கை விட்டு இறங்கியதும் ஜூடு தோட்டக்காரர் நீட்டும் தண்ணீர்ச் செம்பைக்கூட வாங்குவதில்லை. தோள்பையிலிருந்து மூன்று செல்போன்களை எடுத்து, கிணற்றுச் சுவர்மேல் வரிசையாக வைக்கிறார். மூன்றும் வெவ்வேறு கம்பெனி சிம். "ஒருத்தன் சொல்றத மத்த ரெண்டு பேருகிட்ட விசாரிக்கணும்ல" என்பார்.

"இங்க டவரு ஃபுல்லா கிடைக்கும்ணே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவர் முகம் சுருங்கிவிடும். "யாரு சொன்னா? போன் சொல்லுச்சா, நீங்களாச் சொல்றீங்களா?"

வீட்டிலிருந்தபடியே போன் போட்டுத் தோட்டத்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே ஒரு சிம். அதை மோட்டார் ரூமில் மாட்டிக்கொடுப்பதுதான் ஜூடுவின் பிழைப்பு. சிக்னல் எட்டாத இடத்தில் மாட்டினால் பெட்டி வெறும் சுவர் அலங்காரம். அதனால் சிக்னலைப் பார்க்காமல் ஒரு ஒயரைக்கூடத் தொட மாட்டார். போனில் தெரியும் கோடுகளை அவர் மதிப்பதே இல்லை. "நம்ம மனசு நோகக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் போட்டுவச்சதுண்ணே அது." அவருக்கு எண் வேண்டும். மைனஸ் போட்டு வரும் அந்த எண் கூடக் கூடச் சிக்னல் மோசம். "எண்பதுன்னா பொண்ணு குடுக்கலாம். நூத்திப்பத்தத் தாண்டிருச்சா, கை நனைக்காம எந்திரிச்சு வந்துரணும்." உசிலம்பட்டிப் பக்கம் அவருக்கு 'மைனஸ் எண்பது' என்றே பெயர்.

சந்தேகம் தோட்டத்தோடு நிற்பதில்லை. வில்லாபுரம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் மனைவி ஆனிமேரி, "கேஸ மூடிட்டேன்" என்று போனில் சொன்னால், "எந்தக் கையால மூடுன?" என்று கேட்பார். "காலால மூடுனேன். வைங்க போன" என்பது வழக்கமான பதில்.

அப்படிப்பட்டவரை எழுமலைக்கு அருகே தங்கப்பொண்ணு என்பவர் மூன்றாம் முறையாக வரவழைத்தார். பல வருஷம் அடுத்தவர் காட்டில் களை எடுத்த கை; இப்போதுதான் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கி வெங்காயம் போட்டிருந்தார். கணவர் திருப்பூரில். இருட்டில் மோட்டார் போடப் போனபோது ஒருமுறை வரப்பில் விரியன் பாம்பை மிதிக்கப் பார்த்துத் தப்பியதிலிருந்துதான் இந்தப் பெட்டி. மாட்டிய நாள் முதல் அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. வெங்காயத் தாள் நுனி கருக ஆரம்பித்துவிட்டது.

"தம்பி, நீங்க இருக்கைல வேலை செய்யுது. அங்கிட்டுப் போனதும் செத்துப்போகுது."

ஜூடு போன்களைப் பார்த்தார். எண்பத்திரண்டு. ரூமுக்குள் பெட்டியருகே கொண்டுபோனார். தொண்ணூறு. குறையே இல்லை. சிம்மில் ரீசார்ஜ் இருந்தது. பெட்டியில் பழுதில்லை. மிச்சமிருந்தது தங்கப்பொண்ணு மட்டும்தான். பெட்டியைத் திருப்பித் தள்ளிவிடப் பார்க்கிறாரோ என்று ஜூடுவுக்குத் தோன்றியது.

"அக்கா, நம்பரத் தப்பா அமுக்குறீங்களா?"

"நான் பொய் சொல்றேங்கிறீங்க. அம்புட்டுத்தான?"

"அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படிச் சொன்னீங்க? ஓடாத பொட்டியத் தலையில கட்டிட்டீங்களோன்னு எனக்கும்தான் சந்தேகம். நான் வாயத் தொறந்து சொன்னேனா?"

பேசிக்கொண்டே அவர் மோட்டார் ரூம் கதவை இழுத்துச் சாத்தப்போனார். அது கனமான இரும்புக் கதவு. நிலம் வாங்கிய புதிதில் மோட்டார் ஒயரைத் திருடன் அறுத்துக்கொண்டு போனபின் போட்டது. அப்போதே சன்னலையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். தோட்டத்தை விட்டு நகரும்போதெல்லாம் பூட்டுவார். ஜூடு வேலை செய்யும்போது மட்டும் அது திறந்து கிடக்கும்.

ஜூடு அந்தக் கதவையே பார்த்தார். மூன்று வருகையிலும் அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான்.

"அக்கா, என்னைய உள்ள வச்சுப் பூட்டுங்க. நான் போன் போடுறேன். அடிச்சதும் திறங்க."

தங்கப்பொண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பூட்டினார்.

உள்ளே கும்மிருட்டு. மூன்று போன்களும் வெளிச்சம் காட்டின. நூறு. நூற்றுப்பன்னிரண்டு. அப்புறம் எண்ணே இல்லை. தங்கப்பொண்ணுக்குப் போட்டுப் பார்த்தார், எதிலிருந்தும் போகவில்லை. கிரீஸ் வாடையில் மூச்சு முட்டியது. கதவைத் தட்டினார்.

"திறங்கக்கா!"

"போன் அடிக்கலையே தம்பி."

"அதான்க்கா! அடிக்காது! கதவச் சாத்துனா சிக்னல் உள்ள வரல!"

சாவி பூட்டில் நுழைகிற ஓசைக்காக ஜூடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கேட்கவில்லை.

"அப்ப, நான் சொன்னது நெசந்தான?"

"நெசந்தான்க்கா."

"கேக்கல."

"நெசந்தான்க்கா! நீங்க பொய் சொல்லல! திறந்து விடுங்க!"

பூட்டு திறந்தது. வேர்த்து ஒழுகியபடி வந்தவரிடம் தங்கப்பொண்ணு தண்ணீர்ச் செம்பை நீட்டினார். இந்த முறை வாங்கிக் குடித்தார்.

பெட்டியிலிருந்து நீள ஒயர் இழுத்து, கதவுக்கு மேலே துளை போட்டு, ஆன்டெனாவைக் கூரைமேல் வைக்க மாலையாகிவிட்டது. திருடன் கண்ணில் படும் என்று தங்கப்பொண்ணு அடம்பிடித்ததால் ஒயரை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் மறைத்தார். கதவைப் பூட்டிவிட்டு, வீட்டு வாசலுக்குப் போய் தங்கப்பொண்ணு போன் போட்டார். 'மோட்டார் ஓடுகிறது' என்றது பெட்டிக்குள்ளிருக்கும் பெண் குரல். அந்தக் குரலை அவர் நம்பவில்லை. வரப்போடு விறுவிறுவென்று நடந்து வந்து, குழாய்வாயில் கொட்டுகிற தண்ணீருக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

இப்போதெல்லாம் ஜூடு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றும் ஒருமுறை எண்ணைப் பார்க்கிறார். அதற்கு முன், தோட்டக்காரரிடம் பூட்டையும் சாவியையும் கேட்டு வாங்கி, தன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்கிறார்.