பொண்ணு பாக்க வந்தவரும் ராக்கெட்ல ஊத்தின இட்லியும்

இன்னைக்கு என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க.

மாப்பிள்ளைக்கு உளுந்தூர்பேட்டையில மெடிக்கல் ஷாப். போன வாரம் போட்டோவோட ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தாரு. ஜாதகம்னு நெனச்சுத் தொறந்தா, அவரே எழுதின மூணு சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதை!

கீழ ஒரு மெசேஜ். "படிச்சிட்டு உண்மையைச் சொல்லுங்க."

(அப்படிக் கேக்கற யாருக்கும் உண்மை வேண்டாம். பேரன்ட்ஸ் மீட்டிங்ல தினுசு தினுசா பாத்திருக்கேன்.)

ஆமா, நான் டீச்சர். தினமும் கள்ளக்குறிச்சியில இருந்து கல்வராயன் மலைக்கு பஸ். மலை ஏறினா சிக்னல் காலி. வேற வழியில்லாம படிச்சேன்.

மொதல் கதையில பூமி அழிஞ்சு போச்சு. மிச்சம் ஒரே ஒரு ஆம்பள, ஒரே ஒரு பொம்பள. ராக்கெட்ல தப்பிச்சுப் போறாங்க. ஏறின உடனே அந்தம்மா இன்னா பண்ணுது தெரியுமா? அவருக்கு இட்லி ஊத்துது.

ரெண்டாவதுல ஏலியன்ஸ் அமெரிக்காவுல வந்து எறங்குது. எழுதினவரு ஊரு உளுந்தூர்பேட்டை. திருச்சி ரோட்டுல போற அத்தனை பஸ்ஸும் அங்க நிக்குது, பறக்கும் தட்டு நிக்காதா?

மூணாவதையும் கிண்டலடிக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன்.

ஒருத்தரு ரொம்ப தூரத்துல ஒரு கிரகத்துல வேலை பாக்கறாரு. பொண்டாட்டி அனுப்பற வாய்ஸ் மெசேஜ் அங்க போய்ச் சேரவே வருஷக்கணக்காவுது. கணக்குப் போட்டா அந்தம்மா இப்போ உயிரோடவே இருக்காது. அவருக்கும் அது தெரியும். ஆனா "சாப்டியா?"ன்னு குரல் வரும்போதெல்லாம் "சாப்டேன்"னு பதில் அனுப்பிக்கினே இருக்காரு.

கொண்டை ஊசி வளைவுல உக்காந்து அழுதுட்டேன். கண்டக்டர் பாத்துட்டு, "வாந்தி வருதா டீச்சர்? ஜன்னலோரமா குந்துங்க"ன்னு கவரை நீட்டினாரு. (வாங்கிக்கிட்டேன். வேற இன்னா சொல்றது?)

இந்த ஆளை விடக் கூடாதுன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

மலை எறங்கி சிக்னல் வந்த கையோட விமர்சனமும் அனுப்பிட்டேன். "பூமியே அழிஞ்சிருச்சு, மாவு எங்கேர்ந்து வந்துச்சு? அதை ஏன் அவங்களே ஊத்தணும்? ரெண்டாவதைத் தூக்கிப் போடுங்க. மூணாவதைப் படிச்சு அழுதேன்."

ப்ளூ டிக் வந்துச்சு. பதில் வரல. மறுநாளும் வரல.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா தலையில கைய வெச்சுக்கிட்டாங்க. "நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமாடி? வர்ற சம்பந்தத்தையும் கெடுத்துக்கினு நிக்கிற."

எனக்கும் உள்ளுக்குள்ள பயமாத்தான் இருந்துச்சு.

இன்னைக்கு வந்தவரு என்னைப் பாக்கவே இல்ல. தட்டுல இருந்த மிக்சரைத்தான் பாத்தாரு. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். "ரெண்டு பேரும் தனியா பேசட்டும்"னு மாடிக்கு அனுப்பினாங்க.

தண்ணி டேங்க் பக்கத்துல போய் நின்னோம்.

அவரே ஆரம்பிச்சாரு. "கதையை மாத்திட்டேங்க. அதான் பதில் போடல."

"இன்னா மாத்தினீங்க?"

"இப்போ அவன்தான் இட்லி ஊத்துறான்."

"மாவு?"

தலையைச் சொறிஞ்சாரு. "அதாங்க இன்னும் கெடைக்கல."

ரெண்டு பேரும் கீழ வந்தோம். எல்லாரும் என் மூஞ்சையே பாத்தாங்க. "இன்னாம்மா, புடிச்சிருக்கா?"ன்னு அப்பா கேட்டாரு.

"மூணுல ஒண்ணு தேறுதுப்பா. மத்ததைத் திருத்திக்கலாம்"னேன்.

யாருக்கும் புரியல. அவரு மட்டும் மிக்சர் புரையேறி இருமினாரு.

தையில கல்யாணம். ராக்கெட்ல மாவுக்கு வழி தெரிஞ்சவங்க அதுக்குள்ள கமெண்ட்ல சொல்லிடுங்க. இல்லைன்னா அரைக்கிற வேலை என் தலையில வந்து விழும்.