அம்மாவின் விரல் விழுந்த படம்

என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பழைய எக்ஸ்ரே படம் ஒன்று இருக்கிறது. உள்பக்கம் வளைந்த ஒரு சின்னப் பாதம், அதன் எலும்புகள் மேல் பென்சிலில் இழுத்த இரண்டு கோடுகள். "இந்தக் குப்பைய இன்னாத்துக்கு வச்சிக்கினு கீற?" என்று வீட்டுக்காரர் கேட்காத பொங்கல் கிடையாது. குப்பையாம்! அவருக்கு என்ன தெரியும்?

பிறக்கும்போதே எனக்கு இடது கால் கோணல். அறுபதுகளின் கடைசி, எனக்கு ஐந்து வயதிருக்கும். பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைத்த அம்மா, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, கோடு இழுத்து, பாகைமானி வைத்து அளந்தார். கோணல் அதிகம், கத்தி வைத்துத்தான் ஆகவேண்டும் என்றார். அந்தக் காலத்தில் ஆபரேஷன் என்றால் எங்கள் ஊரில் பாதிச் சாவு.

படத்தைக் கழற்றப் போன டாக்டரம்மா உற்றுப் பார்த்தார். "ஏம்மா, கணுக்கால் பக்கத்துல இது யார் விரல்?"

"என்துதாங்க. படம் புடிக்க நிக்க வச்ச பலகை ஐஸ் மாரி சில்லுனு இருந்துச்சு. காலு ஊனுனா புள்ளைக்கு நோவுமேன்னு கொஞ்சூண்டு தூக்கிப் புடிச்சிக்கினேன்."

"அடக் கடவுளே! பாரம் இறங்காத காலையா அளந்து கத்தி எடுக்கப் பார்த்தேன்? தொங்குற கால் இன்னும் மடங்கித்தான் காட்டும். இந்த அளவு செல்லாது. அவ தானா நிக்கட்டும், நீ வெளியே இரு."

பலகை மேல் தனியாக நின்று "எம்மோவ், எம்மோவ்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாவி மனுஷி வரவே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாளாம். பிற்பாடு அவளே சொன்னாள்.

புதுப் படத்தில் கோணல் குறைந்திருந்தது. டாக்டரம்மா நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். கத்தி வேண்டாம், மாவுக்கட்டும் அப்புறம் பூட்ஸும் போதும் என்றார். அம்மா அவர் காலிலேயே விழுந்துவிட்டாள். செல்லாத படத்தை நான் விளையாடக் கேட்டு வாங்கி வந்தேன்.

கால் நேரானது. வளர்ந்து கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தேன். எங்களுக்குள் சண்டை வந்தால் அம்மா அதையே எடுப்பாள்: "நான் புடிச்சா கோணலு, உட்டா நேரு. போடி, உன் இஷ்டத்துக்கே நட!" அந்த வாய்க்காகவே அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று என் கல்யாணத்தில்கூட ஓடி ஒளிந்தவள் அவள். சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை. போன வாரம் அவளுக்குப் படையல் போடும்போது பேத்தி கேட்டாள்: "உன் அம்மா எப்டி இருப்பாங்க, ஆயா?"

பீரோவைத் திறந்து அந்த எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் நாலு விரல், ஒன்றில் அவள் செம்பு மோதிரம்.

"இதோ பாரு, இவங்கதான். என்னைப் புடிச்சிக்கினு இருக்காங்க."