எறும்புப் பொடியின் நெடி

"வெள்ளனே கெளம்புனா ராமேஸ்வரம் பாத்துட்டு அன்னைக்கே கொடைக்கானல் திரும்பிடலாம்ப்பா" என்றாள் மகள், காருக்குள் எறும்புப் பொடி தூவிக்கொண்டே. அந்த நெடிக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

ஆறு வயதில், சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து அந்தக் கரையில்தான் இறங்கினோம். சொந்த நாட்டுக்குப் போகிறோமென்று அம்மா கலியாணப் புடவை கட்டி, எண்ணெய் வைத்துத் தலை பின்னியிருந்தாள். இறங்கியதும் எங்களை நிறுத்திய சோதனைக் கொட்டகையில் ஒருவன், "சிலோன் கூட்டமா? தலையக் குனி" என்று, இதே நெடியுள்ள பேன் மருந்தை அவள் தலையில் கொட்டினான். அப்பா அடுத்ததாகக் குனிந்தார். அவனைவிட அப்பாமேல்தான் எனக்கு இன்றும் ஆத்திரம்.

"அந்த ஊர்ல யாரும் கால் வைக்கக் கூடாது" என்று மகளிடம் கத்தினேன்.

அம்மா வெளியே வந்தாள். "எத்தன வருசமாக் கேக்குறேன், நீதான் கூட்டிட்டுப் போகல. இப்பப் பேத்தி கூட்டிட்டுப் போறா. முன் சீட்டு எனக்கு. நீ வேணும்னா பின்னால ஏறிக்க."