இருபத்து நான்காவது நட்

ராயபுரத்தில் விசைப்படகு இஞ்சின்களைச் சீர்செய்யும் பட்டறையில் நான் இஞ்சினியர். சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் இஞ்சின் எங்களுக்குப் பழக்கம் என்று யாரோ சொல்லி, அந்த இத்தாலியக் கார் எங்களிடம் வந்தது. நூறு வருடத்துப் பழசு. எட்டு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார் அந்த வகைதான் என்றார் உரிமையாளர். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் அதன் சத்தமில்லாத ஓட்டத்துக்காகவே வாங்கினார்களாம்.

"பாதி காரு பானட்டாவே கீது மேடம். உள்ள எத்தினி பேர் குந்துறது?" என்றார் எங்கள் மெக்கானிக்.

வால்வு வேலை முடித்து இரண்டு நாளில் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினோம். பட்டியலைச் சரிபார்த்தேன். வால்வுகளுக்கு மேலே ஓடும் தண்டைப் பிடிக்கும் நட்: கழற்றியது இருபத்து நான்கு, பூட்டியது இருபத்து மூன்று. கடைசி போல்ட் வெறுமையாக நின்றது. அதன் பக்கத்திலேயே எண்ணெய் கீழே இறங்கும் துளை. நட் தாராளமாக நுழையும்.

"வேற நட்டு போட்டுக்கலாம் மேடம்."

"போடலாம். பழசு எங்கே?"

அவர் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே விழுந்திருந்தால், ஓட்டிய முதல் நிமிடத்திலேயே அலுமினிய அடிப்பாகம் உடையும். மாற்று எங்கும் கிடைக்காது. துளைக்குள் காந்தம் விட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை. அது எட்டாத இடங்கள் நிறைய இருந்தன. தரையைப் பெருக்கிச் சலித்தோம். நான்கு மணிக்கு உரிமையாளரை அழைத்து, இன்று ஓட்ட முடியாது, இஞ்சினை இறக்க வேண்டியிருக்கும் என்று சொல்லப் போனை எடுத்தேன்.

அதற்குள் மெக்கானிக்கின் போன் அடித்தது. காத்திவாக்கத்திலிருந்து அவர் மனைவி. பேசியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வூட்ல துணி தோய்க்க சொல்லோ, நேத்து கட்டின லுங்கி மடிப்புல ஒரு நட்டு இருந்துச்சாம்."

"மடிப்பிலா? தட்டு வைத்திருந்தேனே."

"கடல்ல போட்டுல வேல செய்ய சொல்லோ ஆடிகினே இருக்கும் மேடம். கீய வச்சா உருண்டு தண்ணில பூடும். கை பழகிப்போச்சு."

படம் அனுப்பச் சொன்னேன். ஈரமான உள்ளங்கையில் நட், மேல்முகத்தில் மற்ற இருபத்து மூன்றிலும் இருந்த அதே சிறு குத்துப்புள்ளி. சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கோபப்படத் தோன்றவே இல்லை.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய் அவர் எடுத்து வந்தார். பூட்டினோம், ஓட்டினோம். பத்து நிமிடம் குனிந்து, எங்காவது உலோகம் இடிபடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இடிபடவில்லை.

"எப்டி கீது?" என்றார் மெக்கானிக்.

பேர்பெற்ற அந்தச் சத்தமில்லாத ஓட்டத்தை நான் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அணைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன்.