பன்னிரண்டு எலும்புத் தட்டுகள்

சோறு வைத்த தட்டு எலும்பில் செய்ததா இல்லையா என்பதைச் சம்பந்தி முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று நான் நம்பினேன். நாற்பத்தைந்து வயதில், முழு நினைவோடு நம்பினேன்.

மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் அக்குறணைக்கு வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா கண்டி அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். வீட்டில் மேசை, கதிரை போட்டுத்தான் சாப்பிடுகிறார்கள் என்று கல்யாணத் தரகர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் இருந்தவையோ விளிம்பு உதிர்ந்த எனாமல் தட்டுகள். அவற்றைக் கண்டால் சம்பந்தம் வாசல் படலையோடு திரும்பிவிடும் என்று செவ்வாய்க்கிழமையே டவுனுக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் மூன்று வகை காட்டினார். நீலக் கரை போட்ட தடித்த வெள்ளைத் தட்டு. தலையில் விழுந்தால் தலைதான் உடையும். பூப்போட்ட ஜப்பான் தட்டு. பூ ஒரு பக்கம், கரை ஒரு பக்கம். மூன்றாவது சீமைத் தட்டு. வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரிந்தது. என் விரல் அவ்வளவு அழகு என்று அன்றுதான் தெரியும். பன்னிரண்டு வாங்கினேன். வைக்கோல் வைத்துப் பெட்டியில் கட்டித் தந்தார்.

பஸ்ஸுக்கு நிற்கையில் பழக்கமான யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் வந்தார். சைவக்காரர். பெட்டியைத் திறந்து பார்த்தவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இது மாட்டெலும்பை எரிச்சு, அந்தச் சாம்பலைக் குழைச்சுச் செய்யிறதெல்லோ? நான் வீட்டு வாசலுக்கும் எடுக்கமாட்டன்."

மாடு என்பதில் எனக்கு வழக்கில்லை. சீமையில் அந்த மாட்டை யார் அறுத்தார், பிஸ்மி சொல்லி ஹலாலாக அறுத்தாரா? அதைக் கச்சேரிக்காரர் கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது? கடைக்குத் திரும்பி ஓடினேன். விற்றதைத் திருப்பி எடுப்பதில்லை என்றார் கடைக்காரர்.

வீட்டில் ஒவ்வொரு தட்டையும் மோந்து பார்த்தேன். ஒன்றைப் பூனைக்கு முன் வைத்தேன். அது மோந்துவிட்டு நடந்துவிட்டது. பூனைக்கே ஆகவில்லை என்று வேர்த்துப் போனேன். வெறும் தட்டைப் பூனை என்ன செய்யும் என்ற யோசனை மறுநாள்தான் வந்தது. பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டால் ஊருக்கே தெரியும் என்று அதையும் கேட்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவுமில்லை, பதறவுமில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். எனாமலா, எலும்பா என்று முடிவு செய்யாமல் அறை வாசலில் நான் மரமாக நிற்க, மனைவி கூடத்தில் பாய் விரித்து, தாய் வீட்டுச் சகனை நடுவில் வைப்பித்தாள். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய மண் தட்டில் சோறு மலையாக இருந்தது. சம்பந்தி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

நான் உளறினேன். "பீங்கான்ல தனித்தனியாத் தின்னுவீங்கன்டு..."

"அது கச்சேரித் துரைமார் வந்தா போடுற மேசை, நானா," என்று என்னை அண்ணனாக்கினார் சம்பந்தி. "சகன் ஈக்கக்குள்ள பீங்கான் என்னத்துக்கு? வந்து குந்துங்க, ஒரு ஆள் குறையுது."

ஆறாவது ஆளாகக் குந்தினேன். தட்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஈரல் கறியில் உப்புக் கொஞ்சம் குறைவு என்றார்கள். கல்யாணம் அடுத்த மாதம் நடந்தது. பன்னிரண்டு தட்டும் வைக்கோலோடு கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன.