கம்பளத்துக்கு நான் போட்ட ரிஜெக்ட்

எங்கள் பனியன் கம்பெனி முதலாளி வீட்டு மருமகள், கல்யாணமாகி வந்தபோது பழைய கம்பளம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், வடக்கே வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. கையால் முடிச்சிட்ட கம்பளி, மங்கிய சிவப்பு. சோபாவின் முன்கால்கள் மட்டும் அதன்மேல் நிற்கும்படி ஹாலில் விரித்திருந்தாள். அந்தப் பெரிய வீட்டில் அவள் இஷ்டப்படி இருந்த ஒரே பொருள் அதுதான்.

ஒரு சனிக்கிழமை முதலாளியம்மா என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். நான் டெக்ஸ்டைல் படித்தவள். கம்பெனியில் துணியின் தரம் பார்ப்பது என் வேலை.

"கண்ணு, இதையக் கொஞ்சம் பாரு. அருமையான பழசுங்கறா. எனக்கு அழுக்கு மூட்டையாட்டத் தெரியுது."

"அழுக்கில்லீங்க அத்தை. கலரே அப்படித்தானுங்க," என்றாள் மருமகள்.

"உன்னையக் கேக்கல அம்மணி."

நான் நோட்டை எடுத்தேன். ஒன்று, சிவப்பு பட்டை பட்டையாக மாறுகிறது, ஷேடு வேரியேஷன். இரண்டு, ஈரமான வெள்ளை பனியன் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறது. மூன்று, ஒரு முனை மறுமுனையைவிட நான்கு விரல் அகலம். நான்கு, ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டை. எல்லாவற்றையும் சத்தமாகவே வாசித்தேன்.

"நம்ம கம்பெனிக்கு இப்படி வந்தா என்ன பண்ணுவே?"

"ரிஜெக்ட் பண்ணிருவேனுங்க."

முதலாளியம்மா சிரித்தார். "கேட்டுக்கிட்டியா? உங்கூட்டுல ரிஜெக்ட்டைத்தான் குடுத்து உட்டிருக்காங்க. ரெண்டையும்."

மருமகள் என்னிடம் திரும்பினாள். "கையில நெய்ஞ்சது மிஷின்ல நெய்ஞ்சதாட்ட இருக்குமுங்களா?"

இருக்காது. கம்பளி நூலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் போடுவதால் வருவது அந்தப் பட்டை. பழைய கம்பளம் வாங்குகிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். கல்லூரியிலேயே படித்திருந்தேன்.

"டெஸ்ட்ல வந்ததைத்தானுங்க சொன்னேன்," என்றேன். அப்படிச் சொன்னதற்கு முதலாளியம்மாவிடம் இருந்த பயம் பாதிக் காரணம்தான். அந்த ஹாலில் என் பேச்சு எடுபட்டது எனக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை கம்பளம் எங்கள் கட்டிங் டேபிளுக்கு வந்தது. பன்னிரண்டு கால்மிதிகளாக வெட்ட வேண்டும். மருமகளே கோடு போட்டுக் கொடுக்கட்டும் என்று முதலாளியம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அவள் கம்பெனிக்கு வந்து, சாக்பீஸும் ஸ்கேலும் வாங்கிக்கொண்டு, சிவப்பின் குறுக்கே நிதானமாகக் கோடு இழுத்தாள். கட்டிங் மாஸ்டர் மிஷினைப் போடாமல் காத்திருந்தார்.

கடைசிக் கோட்டையும் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அளவு சரியா இருக்குதுங்களா? நீங்க பாத்துச் சொன்னாத்தான் வெட்டுவாங்களாமா."

குனிந்து ஒவ்வொரு கட்டமாக டேப் வைத்துப் பார்த்தேன்.

"சரியா இருக்குதுங்க," என்றேன்.